கம்பிக்குப் பயந்து கொண்டுபோன ஐந்து விளக்குகள்

பயந்தவனை ஏமாற்றுவது சுலபம் என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஓரளவு பயந்தவனை ஏமாற்றலாம். என்னைப் போல அளவுக்கு மீறிப் பயந்தவனை நம்பி எந்தத் திருடனும் தொழில் நடத்த முடியாது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு திங்கட்கிழமை காலையில் இதை நான் நிரூபித்தேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். காரணம், கணக்கு வாத்தியார். அவர் பிரம்பை எடுக்கும்போது தானாக முன்னால் போய்க் கை நீட்டினால் ஒரு அடி குறைப்பார். நானோ அவர் பிரம்பைத் தேடும்போதே நீட்டிவிடுவேன். (சில நாள் பாடம் தொடங்குவதற்கு முன்பே நீட்டியதுண்டு.) பள்ளிக்கூடத்தில் நான் முழுசாகக் கற்றது இது ஒன்றுதான். இந்தக் கதைக்கு அது வேண்டும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வள்ளியூர்ப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்து ஒரு பாத்திரக்கடையில் சேர்ந்தேன். முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. கரமனையில் ஒற்றை அறை வீடு. மனைவி சொர்ணத்துக்கு அப்போது ஏழு மாதம். இந்த வேலையும் போனால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது என்பதுதான் எனக்குப் பொழுது விடிந்தால் கவலை.

மலையாளம் பாதி புரியும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். 'சம்சாரிக்கணும்' என்றால் பேசவேண்டும் என்று அர்த்தம், யார் வீட்டுச் சம்சாரத்துக்கும் அதில் சம்பந்தமில்லை என்று தெளியவே ஒரு மாதம் ஆயிற்று.

அந்தத் திங்கட்கிழமை அண்ணாச்சி சரக்கு பார்க்க முதல் பஸ்ஸில் நாகர்கோவில் போய்விட்டார். கடையில் நான் மட்டும். பின்சுவரை ஒட்டி ஐந்து வெண்கலக் குத்துவிளக்குகள், என் இடுப்பு உயரம், உச்சியில் அன்னம். கடையிலேயே விலைகூடிய சாமான் அவைதான்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

"முத்தையா அல்லே? போலீஸ் ஸ்டேஷனில் நின்னாணு. எஸ்.ஐ. ஆணு சம்சாரிக்குன்னது."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு வந்தது. (போனில் தெரியாதுதான். ஆனாலும் எஸ்.ஐ. அல்லவா.)

குரல் விவரமாகச் சொன்னது. உன் முதலாளி நாகர்கோவில் போயிருக்கிறார். போன வாரம் உங்கள் கடைக்கு ஐந்து விளக்கு வந்திருக்கிறது. அது கோயிலில் திருடியது. பதினொரு மணிக்கு மஃப்டியில் ஒரு ஆள் சாக்கோடு வருவான். விளக்கைக் கொடுத்துவிடு. ஆரோடும் மிண்டருது, அதாவது ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது.

என் பெயர் தெரிகிறது, அண்ணாச்சி போன ஊர் தெரிகிறது, விளக்கின் எண்ணிக்கைகூடத் தெரிகிறது. போலீஸ் இல்லாமல் வேறு யாருக்கு இவ்வளவு தெரியும்?

"சார், அது கணக்கா வாங்குன சரக்கு சார். பில்லு இருக்கு."

"பில்லும் கில்லும் வேண்டா. கொடுத்தில்லெங்கில் ஞான் இப்போத்தன்னே சூப்ரண்டினு கம்பி அடிக்கும். மனசிலாயோ?"

எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று. சூப்பிரண்டு வருவார். கம்பியால் அடிப்பார். எங்கள் ஊரில் கம்பி என்றால் இரண்டே வேலை: ஒன்று அடிப்பது, இன்னொன்று ஜெயிலில் உட்கார்ந்து எண்ணுவது. இரண்டையும் ஒரே நாளில் நடத்தப்போகிறார்கள். சொர்ணத்துக்குப் பிள்ளை பிறக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

பதினொரு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தைரியமுள்ளவன் காத்திருப்பான். என்னால் பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை. கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார். தானாகப் போனால் ஒரு அடி குறையும்.

விளக்குகளை இரண்டு சாக்கில் திணித்தேன். கடையைப் பூட்டினேன். (நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். அந்த நிலையிலும்.) பக்கத்து முறுக்கான் கடையில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த குட்டன், "எங்கோட்டா முத்தையா?" என்றான். ஆரோடும் மிண்டக் கூடாதே. பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் விளக்குகள் கோயில் மணி மாதிரி அடித்தன. சாக்கு ஓட்டைவழி ஒரு அன்னம் எட்டிப் பார்த்தது. ஆட்டோக்காரர் திரும்பி, "எவிடெயா அண்ணா உத்சவம்?" என்று கேட்டார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் சாக்குகளை மேசைக்கு முன்னால் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினேன்.

"சார், நானே வந்துட்டேன் சார். கம்பியால அடிக்காதீங்க."

யாரும் அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். எஸ்.ஐ. சாயா கிளாஸை வாயருகே வைத்தபடியே என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கான்ஸ்டபிள் சாக்கை அவிழ்த்தார். "சாரே, அம்பலக் கள்ளனாணு. ஸ்வயம் வந்நு." கோயில் திருடன் தானாகவே வந்துவிட்டானாம்.

"திருட்டு இல்ல சார். நீங்க கேட்டீங்க, கொண்டாந்தேன்."

"ஆரு கேட்டு?"

"நீங்கதான் சார். போன்ல."

"ஞானோ?" எஸ்.ஐ. மேசைமேல் இருந்த போனை எடுத்து என் காதில் வைத்தார். கிணற்றில் காது வைத்த மாதிரி இருந்தது. "இது சத்திட்டு மூணு திவசமாயி."

செத்த போனிலிருந்து எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. அப்படியும் நான் விடவில்லை. "பின்ன சூப்பிரண்டு கம்பி அடிக்கும்னு சொன்னீங்களே சார்?"

கான்ஸ்டபிள்தான் முதலில் சிரித்தார். தமிழ் தெரிந்தவர். "அண்ணா, இங்க கம்பின்னா தந்தி. சூப்பிரண்டுக்குத் தந்தி கொடுப்பேன்னு அவன் பயமுறுத்தியிருக்கான்."

தந்திக்குப் பயந்தா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை ஒருவர் கடைக்கு வந்து விளக்கு விலை விசாரித்தார். நல்ல மரியாதைக்காரர். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என் பெயர், அண்ணாச்சியின் பயணம், விளக்கு வந்த நாள், எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னது நான்தான். சொர்ணத்துக்கு ஏழு மாதம் என்பதையும் சொல்லியிருந்தேன். அதை அவன் போனில் எடுக்கவில்லை. அந்த மட்டில் நல்லவன்.

ஆனாலும் விளக்கு யாருடையது என்று முதலாளி வந்து சொல்லும்வரை பெஞ்சில் இரு என்றுவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். நாகர்கோவில் வேலை சீக்கிரம் முடிந்து திரும்பியிருக்கிறார். கடை பூட்டு. விளக்கைக் காணோம். என்மேல் புகார் எழுதக் காகிதத்தோடு வந்தவர், பெஞ்சில் நானும் என் பக்கத்தில் ஐந்து அன்னங்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏல, களவாண்டுட்டு இங்கயால வந்து இருக்க?"

"களவாணல அண்ணாச்சி. களவு போயிராம கொண்டாந்தேன்." (அந்த நிமிஷம் தோன்றிய பொய். ஆனால் யோசித்துப் பார்த்தால் உண்மை.)

கான்ஸ்டபிள் நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சியின் முகம் மாறியது. "குட்டன் சொன்னான் சார். பதினோரு மணிக்குக் காக்கி நிக்கர் போட்ட ஒருத்தன் சாக்கோட வந்து, பூட்டப் பாத்து ஏசிட்டுப் போனானாம். நான் காதுலயே போட்டுக்கல."

எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. போலீஸுக்குச் சாமான் வேண்டுமென்றால் நேரில் வரும், எழுதிக் கொடுத்து எடுக்கும். போனில் கேட்காது. யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லாது. "இனி ஆரு விளிச்சாலும் ஒற்றை வாக்கு பறஞ்ஞால் மதி. 'சாரே, ஞான் அங்கோட்டு வராம்.' போலீஸாணெங்கில் வா என்னு பறயும். கள்ளன் வேண்டா என்னு பறயும்." அதாவது, நானே அங்கே வருகிறேன் என்று சொன்னால் போலீஸ் வா என்னும், திருடன் வேண்டாம் என்பான்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணாச்சி சாக்கைக் கட்டிப்பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வேலை போயிற்று என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார்.

"நீ மட்டும் கொஞ்சம் தைரியசாலியா இருந்திருந்தா என் அஞ்சு விளக்கும் போயிருக்கும்ல, பயந்தாங்கொள்ளிப் பயலே."

என் ஆயுளில் இதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஐந்து விளக்கும் அப்போதுதான் இறங்கின.

இரண்டு மாதம் கழித்து, சொர்ணம் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கடை வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "முத்தையா ஆரா? கம்பியுண்டு" என்று சத்தம் போட்டார். கம்பிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். இருந்தாலும் கண் மூடியது, வலது கை நீண்டது. அதில் ஒரு காகிதம் விழுந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம்.

முறுக்கான் கடையிலிருந்து குட்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பேர் வைக்க நமக்கு என்ன வேலை? அவனே வைத்துவிட்டான். பள்ளிக்கூடப் பதிவில் மகளுக்கு அழகான பெயர் இருக்கிறது. கரமனையில் யாரிடம் கேட்டாலும் அவள் கம்பிதான். இப்போது எங்கள் வீட்டிலும் போன் வந்துவிட்டது. மணி அடித்தால் என்னைத் தொடவிடாமல் அவள்தான் ஓடிப்போய் எடுக்கிறாள். யார் என்று தெரியாவிட்டால், யாரும் சொல்லித்தராமலே, முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சாரே, ஞான் அங்கோட்டு வரட்டே?"