முகம் தெரிகிற படம்

"இதுல ஆள் எங்க?" என்றார் போலீஸ்காரர்.

ஒளிப்பதிவாளர் கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். ஒரு ஜன்னல். அதன் முன்னால் கன்னங்கரேலென்று ஓர் உருவம்.

"இவர்தான் சார் என் மாமனார். காலையில நடக்கப் போனவர் இன்னும் வீடு திரும்பலை."

"முகம் தெரியிற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

அடுத்ததில் முதுகு. அதற்கடுத்ததில் இருட்டு, ஓரமாக ஒரு காது.

"இது பரிசு வாங்கின படம் சார்."

"காது மட்டும் காணாமப் போயிருந்தா உதவும்."

விருது மேடைகளில் அவரை இருட்டின் கவிஞர் என்பார்கள். அதை இங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சரி, வாயால சொல்லுங்க. உயரம்?"

சுவரோரப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒளிப்பதிவாளர் அவர் பக்கம் கையை நீட்டினார். "பெரியவரே, கொஞ்சம் எழுந்திருங்க."

பெரியவர் எழுந்தார்.

"இவர் உயரம் சார்."

"நிறம்?"

"ஏறக்குறைய இவர் நிறம்தான்."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "மூக்கு?"

"அது வெளிச்சத்தைப் பொறுத்தது."

"சார், நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"வெள்ளைத் தாடி. அது மட்டும் நிச்சயம்."

போலீஸ்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்தார்.

வேறு வழியில்லை. மனைவி அலுவலகத்திலிருந்து வருவதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிட நினைத்த காரியம். ஒளிப்பதிவாளர் அவளை அழைத்தார்.

"உங்கப்பாவுக்கு மூக்கு எப்படி இருக்கும்?"

"எதுக்கு? நடிக்கக் கூப்பிடறீங்களா?"

"அவரைக் காணோம். போலீஸ்ல அடையாளம் கேக்குறாங்க. தாடியைச் சொல்லிட்டேன்."



"தாடியா? அதை எடுத்து ஒரு வருஷமாச்சு. தினம் உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிடறார்?"

"ஷூட்டிங் அலைச்சல்..."

"நீலச் சட்டை போட்டிருப்பார். நீங்க வாங்கிக் குடுத்ததுன்னு விடமாட்டேங்கறார், பாக்கெட் கிழிஞ்சும். நான் வரேன். அதுவரைக்கும் எதுவும் சொல்லித் தொலைக்காதீங்க."

ஒளிப்பதிவாளர் போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நீலச் சட்டை. பாக்கெட்டின் ஓரம் கிழிந்திருந்தது. கூரை முழுக்க டியூப் லைட்; எந்தப் படத்திலும் ஒளிப்பதிவாளர் அனுமதிக்காத தட்டையான வெளிச்சம். அதில் மூக்கு, நெற்றிச் சுருக்கம், புருவத்தின் மேல் ஒரு தழும்பு, எல்லாம் தெரிந்தன.

"மாமா..."



பெரியவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பி, பாக்கெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வழி தெரியாம இங்க வந்து நின்னப்போ, 'என் மாப்பிள்ளை கண்ணுக்கு எதுவும் தப்பாது, உள்ள நுழைஞ்சதுமே கண்டுபிடிச்சிடுவார்'னு பந்தயம் கட்டினது நான்தானே ஐயா, டீ என் செலவு."