கிரேன் தூக்கிய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன வீட்டில் வடை தின்ன வாயைத் திறக்கலாம். பேசத் திறக்கக் கூடாது. எனக்கு இது தெரிந்தபோது நான் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறையில் நான் கேஸ் கட்டர். அதாவது, நெருப்பை வைத்து இரும்பை வெட்டுகிறவன். (அம்மா ஊரெல்லாம் சொன்னது: “எம்புள்ள இன்ஜினீரு மாதிரி.” அந்த ‘மாதிரி’யை மட்டும் மென்று விழுங்கிவிடுவாள்.)

பெண் நெல்லித்தோப்பு. பெயர் தெரேஸ். அவள் அப்பா அந்துவான், பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பென்ஷன் வந்தும் சும்மா உட்கார முடியாமல் ஒரு பார்ஜில், அதுதான் கடலில் மிதக்கிற தட்டையான கப்பலில், கிரேன் ஓட்டினார். வீட்டில் நாற்காலியை நகர்த்தக்கூட கிரேனுக்கு உத்தரவு போடுகிற குரலில்தான் பேசுவார்.

“தம்பி, ஒசரத்துல ஏறி வேல செஞ்சிருக்கீங்களா?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

“ஒசரமா? நமக்கு அதெல்லாம் தூசு மாமா. எவ்ளோ ஒசரம்னாலும் மேல குந்திகினு டீ குடிப்பேன்.”

அதுவரை நான் ஏறிய அதிகபட்ச உயரம் ஒரு டாக்டர் வீட்டு மாடி ஜன்னல். அதற்கே கீழே இரண்டு பேர் ஏணியைப் பிடித்திருந்தார்கள். கதவோரம் நின்ற தெரேஸ் சிரித்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

“அப்போ திங்கக்கெழம நம்மகூட வாங்க. கடல்ல ஒரு டெரிக்கப் பிரிக்கிறோம். எங்க கட்டருக்கு மஞ்சக்காமால,” என்றார் மாமா. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் தலையாட்டி முடித்திருந்தேன்.

டெரிக் என்பது எண்ணெய் தேடித் துளை போடுகிறவர்கள் நட்டு வைக்கிற இரும்புக் கோபுரம். ஏதோ ஒரு கம்பெனி எங்கள் கடலில் கால் ஊன்றி ஒரு மேடை போட்டு, அதன் மேல் இந்தக் கோபுரத்தை நிறுத்தியது. அவ்வளவுதான், புதுச்சேரி குவைத்தாகிவிட்டது. ஒரு பிரமுகர் மைக் பிடித்து, இனி வீட்டுக்கு வீடு வேலை, தெருவுக்குத் தெரு பெட்ரோல் என்றார். (அவர் நின்று பேசிய தெருவில் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.) கடைசியில் கிடைத்தது சேறு. கம்பெனி மூட்டை கட்டியது. கோபுரத்தை வெட்டி எடுக்கிற வேலை மாமாவின் பார்ஜுக்கு வந்தது.

வருங்கால மாமனார் பார்க்கப்போகிறாரே என்று புது பெல்பாட்டம் பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். எங்களை ஏற்றிப்போனது லாஞ்ச் என்கிற மோட்டார் படகு. உடன் வேலை செய்ய வந்த நோணாங்குப்பத்து காசி, கிரேனுக்குக் காட்ட வேண்டிய கை சைகைகளை வழியெல்லாம் பொறுமையாக விளக்கினான். நான் லாஞ்சுக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டு மீன்களுக்கு இட்லி போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை என்னவோ சுலபம்தான். கோபுரத்தின் மேல் துண்டை முதலில் கிரேனில் கட்டிவிடுவார்கள். நான் அதன் கால்களை வெட்ட வேண்டும். பிறகு என் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கீழ்ப் பகுதியில் மாட்டிக்கொண்டு இறங்கி நிற்க வேண்டும். தலைக்கு மேல் கையைச் சுற்றினால் கிரேன் தூக்கும்.

பாதுகாப்பு பெல்ட் கட்டுவதற்காக என் சொந்த பெல்ட்டைக் கழற்றிக் காசியிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினேன். கண்ணைத் திறந்தபோது எந்த இரும்பைக் கட்டிப்பிடித்திருந்தேனோ அதிலேயே கொக்கியை மாட்டினேன். அது வெட்டப்போகிற துண்டா, நிற்கப்போகிற துண்டா என்றெல்லாம் ஆராயும் நிலையில் நான் இல்லை.

ஆனாலும் வெட்டினேன். ஒழுங்காகவே வெட்டினேன். கடைசிக் கால் விட்டதும் எனக்குள் ஒரு கதாநாயகன் புகுந்துகொண்டான். கீழே கிரேன் கேபினிலிருந்து மாமா அண்ணாந்து பார்த்தார். இந்த வீரத்தை அவர் தெரேஸிடம் சொல்ல வேண்டுமே! கையைத் தலைக்கு மேல் தூக்கி, நன்றாகச் சுற்றிச் சுற்றி ஆட்டினேன்.

கோபுரத் துண்டு கிளம்பியது. கூடவே நானும்.

“யோவ், ஆளு! ஆளு மாட்டிகினு போறான்!” என்று காசி அலறினான்.

பாதுகாப்பு பெல்ட் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. பெல்பாட்டம் எதிர்த்திசையில் இறங்கியது. காலை உதறினேனா, காற்று இழுத்ததா, தெரியாது. அது அகலமாக விரிந்து, என்னைவிட அழகாகப் பறந்து, வங்காள விரிகுடாவில் போய் விழுந்தது. பட்டாபட்டி நிக்கரோடு நான் சுழன்றேன். முதலில் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டேன். அப்புறம், பக்கத்தில் இருப்பவர் சீக்கிரம் வருவார் என்று வில்லியனூர் மாதாவை.

“ஆடாத! ஆடாதடா!” மாமாவின் குரல் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரும்பை அப்படியே இறக்கினால் நான் அதன் அடியில் நசுங்கிப்போவேன். அவர் துண்டை அங்குலம் அங்குலமாக இறக்கி, என் கால் பார்ஜைத் தொட்டதும் நிறுத்தினார். காசியும் இன்னொருவரும் ஓடிவந்து கொக்கியைக் கழற்றி என்னை இழுத்துப் போட்டார்கள்.

மாமா கேபினிலிருந்து இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. சிகரெட்டைப் பஞ்சுப் பக்கமாகப் பற்றவைத்தார்.

“எதுக்கு முசே கை காட்டுனீங்க?” அந்த நிலையிலும் பிரெஞ்சு மரியாதையை அவர் விடவில்லை.

“வணக்கம் சொன்னேன் மாமா.”

மாமா என் நிக்கரைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். “இனிமே எனக்கு வணக்கம் சொல்லாதீங்க,” என்றார்.

சம்பந்தம் முறிந்தது என்று அம்மா அழுதாள். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது, கல்யாணத்துக்குத் தேதி கேட்டு. தெரேஸ்தான் சொல்லியனுப்பினாளாம். பெண் பார்க்கப் போன அன்று என்னை வாய்ச்சவடால் என்று நினைத்து வேண்டாம் என்றவள், கடல் கதையைக் கேட்டதும் மனதை மாற்றிக்கொண்டாளாம். “இனிமே ஜென்மத்துக்கும் எங்கிட்ட பெருமை பேச முடியாதுல்ல?” இது கல்யாணத்துக்குப் பிறகு அவளே கொடுத்த விளக்கம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், யாராவது மாப்பிள்ளை பார்க்கிற பேச்சை எடுத்தால் போதும், மாமா தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“ஊர்ல எல்லாரும் மாப்ளய விசாரிச்சுப் பாத்துட்டுப் பொண்ணு குடுப்பாங்க. நான் தூக்கிப் பாத்துட்டுக் குடுத்தேன்.”

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை தெரேஸ் காத்திருப்பாள். அப்புறம் மெதுவாகச் சொல்வாள்:

“தூக்குனது சரிப்பா. திருப்பிக் கீழ எறக்கியிருக்கணுமா?”