குரலுக்குள் குடியிருந்தவன்

கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியிலிருந்து தெருவரை வரிசை. கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒலியானந்த சுவாமியிடம் புத்தி கேட்க நின்றிருந்தார்கள். நடுவே ஆரியசாலை மிளகாய் மொத்த வியாபாரி லிங்கராஜும் நின்றார்.

அவர் புதிதாக ஒரு பாட்காஸ்ட் தொடங்கியிருந்தார். ஸ்டூடியோ, அவருடைய மிளகாய்க் கிட்டங்கி. சுற்றிலும் மூட்டைகள் இருப்பதால் எதிரொலி கிடையாது. தும்மல் மட்டும் உண்டு. தும்மினால் காரியம் கெடும் என்பது உண்மையானால் அந்தக் கிட்டங்கியில் ஒரு மூட்டைகூட விற்றிருக்காது. முதல் பதிவைப் போட்டுக் கேட்டதும் லிங்கராஜ் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தார். மூக்கால் பேசுகிற எவனோ ஒருவன் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தான்!

சுவாமியின் சிகிச்சை எளிது. பேசச் சொல்வார். போனில் பதிவு செய்து திரும்பப் போடுவார்.

"இது உன் குரலா?"

"அய்யோ, அல்ல சாமி!" என்று வரிசையில் முன்னால் நின்ற அடையாள அட்டைப் பெண் ஆர்ஷா அலறினாள்.

"பின்னே? உள்ள வேறொரு ஆளு கேறியிருக்கு, மோளே" என்றார் சுவாமி, மலையாளம் கலந்து.

அத்தனை பேரும் இதையே அலறினார்கள். தப்பாமல் எல்லோரையும் பிடிக்கிற ஆவி! மருந்து, கழுத்தில் ஒரு தாயத்து, நாற்பத்தொரு நாள் மௌனம்.

மிளகாய் வியாபாரி வாயை மூடினால் என்ன ஆகும்? லிங்கராஜ் கையால் விலை சொன்னார். வந்தவர்கள் பல்வலி என்று நினைத்து, அனுதாபப்பட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள். சனிக்கிழமை பாட்காஸ்ட் வெளிவரும் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. மானம் போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

மனைவி உலகம்மாள் பதிவைக் கேட்டாள். "இது உங்க குரலுதானே?"

'இல்லை. ஆவி' என்று அவர் எழுதிக் காட்டினார்.

"இருவத்தாறு வருசமா இந்த மூக்குப் பேச்சத்தான் கேக்கேன். அப்போ நான் ஆவியவா கட்டியிருக்கேன்?"

லிங்கராஜுக்குச் சுவாமி மேல் சந்தேகம் வரவில்லை. மூக்கின் மேல்தான் வந்தது.

"சாமியவே முதல் விருந்தாளியா கூப்பிடுங்க. இங்க வச்சே ஆவிய எறக்கட்டும்" என்றாள் உலகம்மாள். விளம்பரம் என்றதும் சுவாமி எல்லோருடைய மௌனத்துக்கும் ஒருநாள் விடுமுறை அளித்தார்.

சனிக்கிழமை ஆர்ஷாவும் தாயத்துக் கட்டிய மற்றவர்களும் வந்து கிட்டங்கி நிறைந்தது. சுவாமி மூட்டைமேல் அமர்ந்து மூன்று முறை தும்மினார்.

"மைக் சரியா இருக்கான்னு பாக்கணும். ஆளாளுக்கு ஒண்ணுலேருந்து பத்துவரை எண்ணுங்க" என்றாள் உலகம்மாள். சுவாமியும் எண்ணினார்.

உலகம்மாளே நிகழ்ச்சியைத் தொடங்கினாள். "பதிஞ்ச குரல ஒவ்வொண்ணா போடுதேன். எதுல ஆவின்னு சொல்லுங்க சாமி."

சுவாமி கண்களை மூடினார். ஆர்ஷாவின் குரல்: ஆவி உண்டு. லிங்கராஜின் குரல்: இரண்டு ஆவி. மூன்றாவது குரல் எண்ணத் தொடங்கியதுமே கூட்டம் சுவாமியைத் திரும்பிப் பார்த்தது. கண்ணை மூடியிருந்த அவருக்கு அது தெரியவில்லை.

"பெரிய சாத்தான்! பொய்யன். ஊரை ஏமாத்துற ஆளு. இவனை வீட்டுல கேத்தாதீங்க!" என்று கத்தினார் சுவாமி.

"சாமி, அது நீங்க எண்ணுனது."

சுவாமி கண்ணைத் திறந்தார். "அய்யோ, அல்ல! அது என் குரலே அல்ல!"

கிட்டங்கி அதிர்ந்தது. சிரிப்பு பாதி, தும்மல் பாதி.

"நாம பேசும்போது நம்ம குரலு எலும்பு வழியாவும் காதுக்குப் போவுது. பதிவுல அது கிடையாது. அதான் நமக்கு மட்டும் வேற மாதிரி கேக்குது" என்றாள் உலகம்மாள். "இது என் குரலான்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்க ஒருத்தருக்கும் தோணலியே?"

ஆர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். சுவாமி செருப்பைத் தேடினார்.

லிங்கராஜ் தாயத்தை அறுத்து எறிந்துவிட்டு மைக்கை இழுத்தார். அதே மூக்குக் குரல். இப்போது அவருக்கு அது பிடித்திருந்தது.

"வணக்கம். நான்தான் லிங்கராஜ். தாயத்துக் கட்டுனவங்க எல்லாரும் கேளுங்க. கழுத்துக்கு மேல தலைன்னு ஒண்ணு இருக்கு கேட்டோ. அதையும் இடையில ஒருக்கா உபயோகிச்சுப் பாருங்க!"