அறுப்பு முடியட்டும்

"ஷெட்ல ஒரு வண்டிதான் நிக்கும். ஒங்கப்பா காரா, எங்கப்பா குடுத்த காரா? சொல்லுங்க" என்றாள் சௌந்தரநாயகி.

பாதி ஷெட்டை உர மூட்டைகள் பிடித்துக்கொண்டதில் பூதலூர் ராஜசேகருக்கு வந்த வினை இது. அப்பா நாகநாதனின் அம்பாசடருக்கு ஐம்பது வயது. கல்யாணத்துக்கு மாமனார் தந்த மாருதிக்கு முப்பது. அம்பாசடரை விற்றால் அப்பா பேசமாட்டார். மாருதியை விற்றால் மனைவி பேசிக்கொண்டே இருப்பாள்.

டிரைவர் அப்சர் தலையைச் சொறிந்தபடி வந்தான். "சார், வண்டி விஷயமா ஒண்ணு..."

"எதுவா இருந்தாலும் அறுப்பு முடியட்டும்ப்பா."

பல்வலிக்கும் இதையே சொன்னவர் ராஜசேகர்.

அப்பாவிடம் தனியாக, "அம்பாசடர்தான்ப்பா நிக்கும்" என்றார். மனைவியிடம் தனியாக, "மாருதிதான்" என்றார். மறுநாள் காபி நேரத்துக்குள் குட்டு வெளிப்பட்டது.

"ஏறி உக்காந்தா சிம்மாசனம்டா அது. இது சோப்பு டப்பா" என்றார் நாகநாதன்.

"சிம்மாசனத்தைத் திருப்பறதுக்கு ரெண்டு தெரு வேணும் மாமா. என் வண்டி சாவி போட்டதும் கெளம்பும்."

"என்னுதும்தாம்மா! நேத்து வல்லம் போயிட்டு வரலியா?"

இரண்டும் உண்மைதான். ஆனால் யார் கிளம்பினாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது அப்சரின் கண்டிப்பு. வண்டியைத் துடைக்க வேண்டுமாம்.

தப்பிக்கும் வழி தெரியாமல் ராஜசேகர் பந்தயம் வைத்தார். "வெள்ளிக்கிழமை ரெண்டும் சுவாமிமலைக்குப் போவட்டும். முன்னாடி போய்ச் சேர்ற வண்டிக்குத்தான் ஷெட்டு."

அப்சர் பதறினான். "ஒரே நேரத்துலயா சார்? அது வந்து..."

"அறுப்பு முடியட்டும்னு சொன்னேன்ல?"

வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தது. வெள்ளியன்று பாதித் தெரு அம்பாசடர் கட்சி, பாதி மாருதி கட்சி. யாரையும் நம்பாமல் மாமனாரும் மருமகளும் தாங்களே ஸ்டியரிங் பிடித்தார்கள். எதில் ஏறுவது என்று தெரியாமல் ராஜசேகர் நடுவில் நின்றார்.

அம்பாசடர் உறுமியது. மாருதி முனகக்கூட இல்லை.

நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சௌந்தரநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா குடுத்ததுங்க! முந்தாநாள்கூட ஓடுச்சே. மாமாதான் ஏதோ பண்ணிட்டாரு!"

"அதை நான் ஏம்மா தொடப்போறேன்?"

"அப்சர்! என்னப்பா ஆச்சு?" என்று அலறினார் ராஜசேகர்.

அப்சர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தான்.

"போன வருஷம் பேட்டரி போச்சுன்னேன், அறுப்பு முடியட்டும்னீங்க. அதுலேருந்து ரெண்டு வண்டிக்கும் ஒரே பேட்டரிதான் சார். கழட்டி இதுல மாட்டட்டுமா?"