குணமான பஞ்சாட்சரம்

அபினிப் பழக்கத்துக்கு மருந்து கண்டதில் ஜவ்வாது மலைக்கும், குறிப்பாக எங்கள் குடும்பத்துக்கும், பெரும் பங்கு உண்டு. அடக்கம் கருதி இதுவரை சொல்லவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம், புளி உலுக்கும் பருவம். டாக்டர் கோபால்சாமி புது மாத்திரையோடு ஜீப்பில் மலையேறி வந்து பள்ளிக்கூடத்தில் 'ஆராய்ச்சி முகாம்' போட்டார். மருந்து தயார்; தின்றுகாட்ட ஆள்தான் வேண்டும். பட்டியலில் முதல் பெயர் என் தம்பி பஞ்சாட்சரம். புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன். வலிக்கென்று தொட்ட அபினியை ஆறு வருடமாக விடமுடியவில்லை. ஊருக்குத் தெரியும், ஊர் பேசாது. டாக்டரிடம் பெயர் கொடுத்தவள் அவன் மனைவி அம்சவல்லி.

"நம்ம வூட்டு சங்கதிய வெளியூர்க்காரன்கிட்ட சொல்லுவியா?" என்றேன்.

"அவரு பொழைக்கணும் மாமா."

பிழைப்பதா பெரிது? ஆள் போகாவிட்டால் டாக்டர் வீடு தேடி வந்துவிடுவார். எங்களிடம் புளி சுமக்கும் காசியைப் 'பஞ்சாட்சரம்' ஆக்கி அனுப்பினேன். வெற்றிலைகூடப் போடாதவன்.

பத்தாம் நாள் டாக்டர் விசாரித்தார்.

"கை நடுங்குதா?"

"இல்லீங்க."

"தூக்கம்?"

"எழுப்புனாதாங்க எழுந்திருப்பேன்."

"அபினி கேக்குதா மனசு?"

"அபினியா? அது இன்னா கலர்ல இருக்கும்னே தெரியாதுங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "மறந்தே போயிட்டான்!" என்று எழுதிக்கொண்டார்.

முகாம் நிறைவு விழாவுக்கு நான்தான் தலைமை. மாலையோடு காசி நின்றபோது, அம்சவல்லி என் தம்பியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசி நாளிலாவது மாத்திரை கிடைக்கும் என்று நம்பி மூன்று நாளாக அபினியை நிறுத்தியிருக்கிறாள். அவன் உடம்பு உதறியது.

"சார், இவருதாங்க பஞ்சாட்சரம். மாத்திரை குடுங்க, தாங்க மாட்டாரு."

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். "பஞ்சாட்சரம் குணமாயிட்டாரேம்மா." பிறகு என்னிடம் திரும்பினார். "ஐயா, இவர் யாரு?"

ஊரே என் முகத்தைப் பார்த்தது. மரியாதை தெரிந்த ஊர். பதிலை என்னிடமே விட்டுவிட்டது.

தம்பியும் பார்த்தான். "அண்ணா" என்றான்.

"தெரியாதுங்க" என்றேன்.

மீதி மாத்திரைகளோடு ஜீப் இறங்கிப் போயிற்று. பின்னாலேயே தம்பியும் அவளும் அடிவாரத்து ஒடுகத்தூருக்குப் போகும் பாதையில் நடந்து போனார்கள். சில நாள் கழித்து அவள் மட்டும் வெறுங்கழுத்தோடு ஊர் திரும்பினாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. குடும்ப மானத்துக்கு ஒரு கீறல் இல்லை.

அந்த மாத்திரை தின்றவன் அபினியையே மறந்துவிடுவான் என்று டாக்டர் அறிக்கை எழுதினாராம். அதென்ன பெரிய சாதனை? நான் கூடப்பிறந்தவனையே மறந்தேன். ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை.