உன் அக்காவின் பத்து நிமிஷம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளுமாவது அங்கே சௌக்கியமாக இருங்கள். ஒரு குடும்பத்தில் ஒரு வீடாவது நிம்மதியாக இருக்க வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா போய் எட்டு மாதம் ஆனபோது, "தனியா இருக்கீங்க அத்தான், இது துணைக்கு இருக்கட்டும்" என்று ஒரு ரேடியோ கடிகாரம் அனுப்பி வைத்தாயே, அந்தத் துணையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரேடியோ என்றதும் பாட்டு வருமாக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. எங்கேயோ ஒரு கோபுரத்திலிருந்து சரியான நேரத்தை வானொலி அலையில் அனுப்புவார்களாம், தினமும் விடிவதற்குள் கடிகாரம் அதைக் கேட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளுமாம், நொடி பிசகாதாம். பேட்டரியைப் போட்டேன். முட்கள் இரண்டும் யாரோ பிடித்துத் திருப்புவதுபோல் கிறுகிறுவென்று சுற்றிப் பன்னிரண்டில் நின்று, கொஞ்சம் யோசித்து, மறுபடி சுற்றி, சரியான நேரத்தில் வந்து உட்கார்ந்தன. எனக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் பிடித்திருந்தது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக விசில் ஊதியவனாயிற்றே. சமையலறையில், உன் அக்காவின் பழைய கடிகாரம் தொங்கிய அதே ஆணியில் மாட்டினேன்.

அந்தப் பழைய கடிகாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். எப்போதும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். நான் வேலைக்குப் பிந்திவிடக் கூடாதென்று உன் அக்கா செய்துவைத்த ஏற்பாடு. நான் மட்டும் லேசுப்பட்டவனா? மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டு, சாவகாசமாக இன்னொரு டம்ளர் டீ குடிப்பேன். நான் கழிக்கிறேன் என்று தெரிந்ததும் அவள் சத்தம் போடாமல் ஸ்டூலில் ஏறி, மேலும் ஒரு பத்தைக் கூட்டிவிடுவாள். கேட்டால், "நான் எங்க தொட்டேன்? உங்களுக்குத்தான் வயசாச்சு" என்பாள். ஊரையே நேரத்துக்கு அனுப்பி வைத்த டைம்கீப்பர், ஒருநாளும் பிந்தாமல் டிப்போ போய்ச் சேர்ந்த ரகசியம் இதுதான். வெளியே சொல்லிவிடாதே, மானம் போய்விடும்.

இப்போது கேள். மாட்டிய மறுநாள் காலை, கைபேசியில் மணி ஆறு ஐந்து. சுவரில் ஆறு பதினைந்து. கடிகாரக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் மூன்று நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, "சார், தப்பா ஓடணும்னு நெனச்சாலும் இதால முடியாது. உங்க வீட்டுலதான் ஏதோ..." என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிக்கொண்டார். கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன், சரியாக ஓடியது. சமையலறை ஆணிக்குப் போனதும் மறுநாளே பத்து நிமிஷம். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "அப்போ நீங்க எங்களுக்கெல்லாம் பத்து நிமிஷம் முன்னாடி, எதிர்காலத்துல இருக்கீங்களா சார்? மழை வருமான்னு எட்டிப் பாத்துச் சொல்லுங்க, மாடியில துணி காயுது" என்றார். நானும் விடுவேனா, "நான் நனைஞ்சே வந்துட்டேன்மா" என்றேன். வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது, மச்சான். சரியாகப் பத்தாவது நிமிஷம் மழை கொட்டியது. அதற்குப் பிறகு அந்தம்மா என்னிடம் வானிலை கேட்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஸ்டூலைத்தான் பொறுக்க முடியவில்லை. பச்சைப் பெயின்ட் அடித்த ஸ்டூல், ஒரு கால் குட்டை. உன் அக்கா ஏறும்போதெல்லாம் ஒரு அட்டையை நான்காக மடித்து அந்தக் காலுக்குக் கீழே கொடுத்துவிட்டுத்தான் ஏறுவாள். நான் கொடுக்க மாட்டேன், அதனால் இரண்டு தடவை விழுந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அது பின்கட்டில் பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. காலையில் வந்து பார்த்தால், தொட்டி தரையில் இருக்கிறது, ஸ்டூல் கடிகாரத்துக்கு நேர் கீழே நிற்கிறது, குட்டைக் காலுக்கு அடியில் அட்டை, நான்காக மடித்தபடி! பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கிறது. "தூக்கத்துல நீங்களே நகத்துறீங்களோ என்னவோ" என்று தையல்காரம்மா கேட்டார். முழித்திருக்கும்போதே வராத பொறுமை தூக்கத்தில் வந்துவிடுமா, நீயே சொல். ஒருவேளை இது உன் குறும்போ என்றுகூட யோசித்தேன். உனக்கு ஒரு பல்பு மாட்டவே ஆள் வேண்டும் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

பயமாக இருக்கிறது, மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டீ போடச் சமையலறைக்குள் போகுமுன் வாசலிலேயே நின்று தொண்டையைக் கனைத்துவிட்டுப் போகிறேன், யாருக்காகக் கனைக்கிறேன் என்று தெரியாமலே. "எங்களோட வந்துடுங்க அத்தான்" என்று நீ எத்தனையோ முறை கூப்பிட்டாய், நான்தான் முறுக்கிக்கொண்டேன். இப்போது வருகிறேன். வீட்டைக் காலி செய்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியோடு வா. ஒன்பது என்றால் ஒன்பது, உன் ஒன்பது எப்போதும் பதினொன்றரைக்குத்தான் வரும். கடிகாரமும் ஸ்டூலும் இங்கேயே கிடக்கட்டும், அடுத்து வருகிறவர் பாடு.

தங்கச்சிக்கு என் ஆசிகள். பிள்ளைகள் நேரத்தோடு எழுந்து, நேரத்தோடு படித்து, எந்தக் கடிகாரத்துக்கும் பயப்படாமல் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: நேற்று இதை எழுதி மடித்த கையோடு ஸ்டூலைத் தூக்கிக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டேன். இன்று காலை கடிகாரம் சரியான நேரம் காட்டியது. நொடி சுத்தம். ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே முடியவில்லை. வீடு அப்படிக் காலியாக இருந்தது. உன் அக்கா போன அன்றைக்குக்கூட வராத அழுகை இன்றைக்கு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினால் பஸ் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் பழக்கத்தில் பத்தைக் கழித்திருக்கிறேன்! நான், ஒரு டைம்கீப்பர், என் ஆயுசில் தவறவிட்ட முதல் பஸ். திரும்பி வந்து ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அட்டை கிட்டை எதுவும் கொடுக்காமல் ஏறி, ஆடிக்கொண்டே நின்று, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி நானே பத்து நிமிஷம் கூட்டி வைத்தேன். டீக்குப் பால் வாங்கப் போனேன், கதவைப் பூட்டிக்கொண்டுதான். இப்போதுதான் வந்தேன். கைபேசியில் மணி பத்து ஐந்து. சுவரில் பத்து இருபத்தைந்து. குட்டைக் காலுக்குக் கீழே அட்டை இருக்கிறது. நான் கழித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது, மச்சான். வண்டி வேண்டாம்.