முன்வாசலால் போன வில்லா அண்ணை

மொன்றியலில் கோயிலுக்கு வருகிற தமிழர் எல்லோருக்கும் மோட்சத்துக்குப் போகிற ஆசை உண்டு. போகிற வழியில் ஒரு தோட்டத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் எங்கள் வில்லா அண்ணை ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சுவாமிக்கே தெரியாது. கோயிலில் எந்தக் கூட்டம் நடந்தாலும், முடிவில் "வேறை ஏதும் இருக்கோ?" என்று சுவாமி கேட்டவுடன் பின்வரிசையில் ஒரு கை எழும்பும்.

"எல்லாம் சரி, வில்லா எப்ப?"

கூட்டம் கூரை ஒழுக்கைப் பற்றியதாக இருக்கலாம், ஒளிவிழாவைப் பற்றியதாக இருக்கலாம். அவருடைய கேள்வி மட்டும் மாறாது. புதிதாகக் கனடா வந்தவர்கள் பயந்துபோய், அவர் வீடு வாங்க அலைகிறார் என்று நினைப்பார்கள்.

அவர் கேட்ட வில்லா வேறு. இத்தாலியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் பிரபுக்களும் கர்தினால்மாரும் மலைச்சரிவுகளில் மாளிகை கட்டி, அதைச் சுற்றித் தோட்டம் போட்டார்கள். படிப்படியாக இறங்கும் தளங்கள், கோடு பிடித்துக் கத்தரித்த செடிகள், கல் வாய்க்கால்கள், நீரூற்றுகள். இந்த ஆசை, மொன்றியல்-நோரில் இரண்டாம் மாடியில் குடியிருந்துகொண்டு, ஒரு பேக்கரியில் பாண் போட்டே தலை நரைத்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது? கீழ்வீட்டில் இருந்த சின்யோரிடமிருந்து வந்தது.

சின்யோர் அந்த வீட்டின் சொந்தக்காரர், இத்தாலியர். வாசலுக்கு இரண்டு பக்கமும் சீமெந்துச் சிங்கம், பின்வளவு முழுக்கத் தக்காளி. அவருடைய தகப்பன் ரோமுக்கு வெளியே ஒரு வில்லாத் தோட்டத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவராம். சின்யோர் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோனதெல்லாம் எருவண்டி போகிற பின்வாசலால். முன்வாசல் பெரிய இடத்து ஆட்களுக்கு. அந்தக் கோபத்தோடு கப்பலேறியவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் தோட்டத்தைப் பற்றிக் கதைக்காத நாளும் இல்லை.

கேட்டுக் கேட்டு வில்லா அண்ணைக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு கோடையில், பிள்ளைகள் குளித்து வளர்ந்த பிளாஸ்ரிக் தொட்டியை பல்கனியில் வைத்து, மீன்தொட்டி மோட்டரைப் பூட்டி நீரூற்றுச் செய்தார். ஊற்று அழகாகத்தான் எழும்பியது. விழுந்த இடம்தான் பிழை. கீழே கோப்பி குடித்துக்கொண்டிருந்த சின்யோரின் தலையில் விழுந்தது.

சின்யோர் இரும்புப் படிகள் அதிர ஏறிவந்து இத்தாலிய மொழியில் கத்தினார். அண்ணை தமிழில் கத்தினார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிய பிறகு சின்யோர் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிரெஞ்சில், "உயரம் காணாது," என்றார். இறங்கிப்போய்க் குறடும் குழாயும் எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த வசந்தத்தில் அந்த பல்கனியில் பந்து பந்தாகக் கத்தரித்த சீடர்ச் செடிகள் நின்றன. ஒரு சிங்கமும் மேலே குடிவந்திருந்தது. பனிக்காலத்தில் அதற்குக் கம்பளித் தொப்பி போட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சின்யோர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிள்ளைகள் லவாலில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மெற்றோ ஏறி லவாலுக்குப் போவது அண்ணையின் வழக்கமாயிற்று. அப்படிப் போன ஒரு நாளில்தான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "நான் போவன். முன்வாசலாலை போவன். போய் நிண்டு உன்னை வீடியோவிலை கூப்பிடுவன்."

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்த வீம்பு?" என்று நான் ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"தங்கச்சி, நான் அகதியா வந்து நிக்கேக்கை வீடு கேட்ட இடமெல்லாம் அந்தக் கடதாசி எங்கை, இந்தக் கடதாசி எங்கை எண்டு கேட்டவை. இந்த மனுசன் ஒரு கேள்வி கேக்கேல்லை. வீட்டுத் திறப்பைக் கையிலை தந்திட்டுத் தக்காளிக்குத் தண்ணி விடப் போட்டுது. எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்?"

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை. கொஞ்ச நாளைக்கு.

போன வருஷம் பங்கில் இத்தாலி யாத்திரை முடிவானது. ரோம், அசிசி, பாதுவா. கை எழும்பியது. கேள்வி வந்தது. செபமாலைக் குழுத் தலைவி ரீத்தா அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"கண்டறியாத வில்லா! நாங்கள் அந்தோனியாரைக் கும்பிடப் போறமோ, செடி பத்தை பாக்கப் போறமோ?"

"அக்கா, அது கர்தினால் கட்டினது. கோயில் சொத்து மாதிரித்தான்."

"கர்தினால் கட்டினால் என்ன? பத்தை பத்தைதான்."

அண்ணை கலையைச் சொன்னார், சரித்திரத்தைச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "அங்கை கழிப்பறை இருக்கு. சுத்தமானது. வரிசையும் இல்லை."

முந்திய யாத்திரையில் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ்ஸை வில்லாவில் நிற்பாட்டுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

ஆனால் அந்த நாள் வந்தபோது ரோமில் ரீத்தா அக்காவின் செபமாலை முடியவேயில்லை. பஸ் பிந்திவிட்டது. மலையடியில் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் சுவாமி மெதுவாகச் சொன்னார்: "வில்லாவை விடுவம். நேரே அசிசிக்குப் போவம்."

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. லவாலில் காலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் தாதிப் பிள்ளை சின்யோருக்குத் தொலைபேசி பிடித்துக் கொடுப்பாள். இத்தாலியில் அது மத்தியானம். அந்த நேரம் தப்பினால் எல்லாம் தப்பியது.

"சரி சுவாமி, நீங்கள் போங்கோ," என்றார். கோபமே இல்லை. இறங்கினார். பஸ்ஸின் வயிற்றைத் திறக்கச் சொல்லி ஒரு பெட்டியை இழுத்தெடுத்தார். அது நாங்கள் விடிய எழும்பி ஹோட்டல் அறைகளில் களவாகச் சமைத்த புளிச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்த குளிர்ப்பெட்டி. சில்லு வைத்த பெட்டி. கடகடவென்று இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்.

"ஐயோ மாதாவே, சாப்பாடு போகுது!" என்று ரீத்தா அக்கா அலறினார்.

பிறகென்ன, பஸ் பின்னால் போனது. இத்தாலிய டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் கை நீட்டிய திசைக்குத் திருப்பினான்.

வில்லாவில் அடுத்த இடி விழுந்தது. முன்வாசலைப் பூட்டிவைத்திருந்தார்கள். பார்க்க வருகிற ஆட்கள் எல்லோரும் இப்போது பின்வாசலால்தான் போகவேண்டும். எருவண்டி வந்த அதே வாசலில் ரிக்கெற் கொடுக்கிறார்கள்.

"முன்வாசலாலை விடேலாதோ?" என்று அண்ணை பிரெஞ்சில் கேட்டார். தொப்பி போட்ட காவலாளி உதட்டைப் பிதுக்கினான். அவர் திரும்பவும் கேட்டார். அவன் திரும்பவும் பிதுக்கினான். அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து பின்வாசலால் உள்ளே வந்தார்.

தோட்டம் என்னவோ சொன்னது போலத்தான் இருந்தது. சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே கல்வாய்க்காலில் தண்ணீர் படிப்படியாக இறங்கியது. எங்கள் ஆட்கள் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே கழிப்பறைக்குப் போனார்கள், திருப்தியாக வந்தார்கள், வந்த வழியில் ஒரு கற்குகையைக் கண்டார்கள். உள்ளே பாசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நடுவில் ஒரு வெள்ளைக்கல் பெண்.

"இஞ்சை பாருங்கோ, மாதா கெபி!" என்றார் ரீத்தா அக்கா. அவ்வளவுதான், எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டார்கள்.

அது பழங்கதைகளில் வருகிற ஏதோ நீர்த்தேவதை. மாதாவுக்கு உடுப்புக் கொஞ்சம் குறைவாக இருப்பதை ரீத்தா அக்காவும் கவனித்தார். தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். சுவாமியைப் பார்த்தேன். அவர் வானத்தில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகுதிரியைக் கண்ட காவலாளி ஓடிவந்தான். கத்தினான், கையைத் தட்டினான். அருள்நிறை மரியே இன்னும் உரத்துக் கேட்டது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்துச் சுவரில் இருந்த ஒரு பழைய பிடியைத் திருகினான்.

அந்தக் காலத்துப் பிரபுக்கள் விருந்தாளிகளை நனைத்துச் சிரிப்பதற்காக நிலத்துக்குள் குழாய் புதைத்திருந்தார்களாம். முழந்தாளிட்ட பெண்களுக்கு நடுவே, தரையிலிருந்து தண்ணீர் சீறி எழும்பியது. எழும்பி ஓடுவார்கள் என்றுதான் காவலாளி நினைத்தான்.

"அற்புதம்!" என்று ரீத்தா அக்கா கத்தினார்.

ஒருவரும் ஓடவில்லை. பாட்டுத் தொடங்கியது. தீர்த்தம் பிடிக்கப் போத்தல்கள் வெளியே வந்தன. அண்ணை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த வீடியோ அழைப்பை அந்த நேரம் பார்த்துத்தான் லவாலில் எடுத்தார்கள்.

"யார் பிடியைத் திருகினது?" என்று சின்யோர் தொலைபேசிக்குள்ளிருந்து கத்தினார். "அது எங்கடை அப்பாவின்ரை பிடி! இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் திருகச் சொல்லு!"

அண்ணை தொலைபேசியைக் காவலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு பேரும் இத்தாலிய மொழியில் என்ன கதைத்தார்களோ, எனக்குத் தெரியாது. சின்யோர் தகப்பனின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். காவலாளி தொப்பியைக் கழற்றினான். கண்ணைத் துடைத்தான். இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

முன்வாசல் கிறீச்சிட்டுத் திறந்தது. அண்ணை வெளியே போய்த் திரும்பி நின்றார். தொலைபேசியை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருநாளில் மாதாவின் சுருவம் தூக்குவது அப்படித்தான். எங்கள் பெண்களுக்கு அதற்குமேல் ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒருவர் குடையை விரித்து மேலே பிடித்தார். மற்றவர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஈரச்சேலையோடு ரீத்தா அக்கா பாட்டெடுத்தார். சின்யோர் ஒரு பெரிய இடத்து ஆளைப் போல, சுற்றுப்பிரகாரமாக, முன்வாசலால் உள்ளே போனார்.

"மெல்ல, மெல்ல," என்று அவர் அழுதுகொண்டு சொல்வது கேட்டது. நான் அண்ணையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இல்லாவிட்டால் படியில் தடக்கி விழுந்திருப்பார்.

அசிசிக்குப் போகிற வழியில் புளிச்சோற்றைக் குழைத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்ப திருப்தியோ அண்ணை? வில்லா எப்பிடி?"

அவர் வாயில் வைக்கப்போன சோற்றை நிற்பாட்டினார்.

"நான் எங்கை தங்கச்சி பாத்தன்? அந்த மனுசன்ரை முகத்தையெல்லோ பாத்துக்கொண்டு நடந்தனான்."

சொல்லிவிட்டுப் பெரிய பகிடி விட்டதுபோலச் சிரித்தார். நான் என் பங்குப் பொரியலையும் அவருக்கே வைத்தேன்.

போன மாதம் கோயிலில் கூட்டம். வாகனத் தரிப்பிடத்தில் பனி வழிப்பது பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். "வேறை ஏதும் இருக்கோ?" என்று சுவாமி கேட்டார். பின்வரிசையில் வில்லா அண்ணை வாயைத் திறக்கவில்லை, அவருடைய வாக்கு நிறைவேறிவிட்டது.

நான் எழும்பினேன்.

"எல்லாம் சரி சுவாமி, வில்லா எப்ப?"